பள்ளிக்கூடம் கட்டுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம்

காலை எட்டரை மணிக்குத் தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்தில் ஏறி வீரபாண்டியைக் கடந்து பாருங்கள். மஞ்சள் நிறப் பள்ளி வேன்களும், பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்ட இருசக்கர வாகனங்களும், வயலுக்குப் போகும் ஆட்களும், குமுளிப் பக்கம் போகும் லாரிகளும் ஒரே சாலையில் முண்டியடிக்கும். சித்திரை மாதம் கௌமாரியம்மன் கோயில் திருவிழா நாட்களில் கேட்கவே வேண்டாம். லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள், வாகனங்களை மாற்றுப் பாதையில் திருப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் முல்லை ஆறு, மறு பக்கம் நெல் வயல். நடுவே ஊர்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் புதிதாகத் தனியார் பள்ளி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் அக்கம்பக்கத்தார் என்ன கேட்பார்கள்? வேன்கள் எங்கே நிற்கும்? போர் போட்டால் எங்கள் கிணறு என்னவாகும்? மழைத்தண்ணீர் இதுவரை ஓடிய வாய்க்காலை மண் போட்டு மூடிவிடுவார்களா? நான்கு மாடி எழுப்பினால் எங்கள் முற்றத்தில் வெயில் விழுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். கட்டுவது நம் சமுதாய அறக்கட்டளை என்றால் இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அதை யாரும் நம் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. ‘பள்ளி என்கிறார்கள், உண்மையில் என்ன கட்டுகிறார்களோ’ என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

வேன் நிற்கும் இடம் பற்றிய கவலையும் இந்த முணுமுணுப்பும் ஒரே மனுவில், ஒரே கையெழுத்துப் பட்டியலோடு மாவட்ட ஆட்சியரிடம் போய்ச் சேருகின்றன. நாம் செய்யும் பெரிய தவறு, முணுமுணுப்பை மட்டும் பார்த்துவிட்டு முழு மனுவையும் மதவெறி என்று ஒதுக்குவது. அப்படி ஒதுக்கியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதற்கு நம் ஊருக்கு வெகு தொலைவில் ஓர் உதாரணம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தென்மேற்கே கேம்டன் என்ற ஊர். பால் பண்ணைகளும் குதிரைகளும் நிறைந்த பழைய கிராமப்புறம். அங்கே 2007-இல் குர்ஆனிக் சொசைட்டி என்ற அமைப்பு சுமார் 1,200 மாணவர்கள் படிக்கும் இஸ்லாமியப் பள்ளி ஒன்றைக் கட்ட உள்ளூர் மன்றத்திடம் விண்ணப்பித்தது. எதிர்ப்புக் கூட்டங்களில் நூற்றுக்கணக்கில் மக்கள் கூடினார்கள். பள்ளிக்கென வாங்கிய நிலத்தில் ஓர் இரவு இரண்டு பன்றித் தலைகளைக் கம்பில் குத்தி, நடுவே நாட்டுக் கொடியைக் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். உலகமெங்கும் செய்தியானது. அதைப் பார்த்த எந்த முஸ்லிமுக்கும், ‘இது வெறுப்பு, வேறொன்றும் இல்லை’ என்றுதான் தோன்றியிருக்கும்.

2008 மே மாதம் மன்றம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காரணமாகச் சொல்லவில்லை. போக்குவரத்து, விவசாய நிலம், ஊரின் கிராமத் தன்மை ஆகிய கட்டுமானக் காரணங்களையே முன்வைத்தது. அமைப்பு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஜூன் மாதம் அங்கும் தோற்றது. வெட்டவெளியான விவசாயப் பகுதிக்கு அந்த அளவிலான பள்ளி பொருந்தாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? பன்றித் தலை வைத்தவர்கள் வென்றார்கள். ஆனால் வெறுப்பைக் காட்டி அவர்கள் வெல்லவில்லை. ஒதுங்கிய விவசாயப் பகுதியில் மலிவாகக் கிடைத்த நிலத்தில் பெரிய பள்ளி என்ற திட்டமே அவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது. வெறுப்பவனும் உண்மையிலேயே கவலைப்பட்ட பக்கத்துப் பண்ணைக்காரரும் ஒரே காரணத்தைச் சொல்ல முடிந்தது. அந்தக் காரணத்தில் உண்மை இருந்ததால் நீதிமன்றமும் அதை ஏற்றது.

இதற்கு நேர் எதிராக முடிந்த ஒரு வழக்கு அமெரிக்காவில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் இஸ்லாமிக் அகாடமி என்ற பள்ளி இடநெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. பக்கத்து பிட்ஸ்ஃபீல்டு நகரியத்தில் நிலம் வாங்கி, அங்கே பள்ளி கட்ட நிலப் பயன்பாட்டை மாற்றித் தரும்படி கேட்டது. போக்குவரத்து, சத்தம் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். 2011-இல் நகரிய நிர்வாகம் மறுத்துவிட்டது. மத நிறுவனங்களின் நிலப் பயன்பாட்டைப் பாரபட்சத்திலிருந்து காக்க அமெரிக்கா 2000-இல் இயற்றிய சட்டத்தை வைத்து பள்ளி வழக்குத் தொடுத்தது. 2015-இல் அமெரிக்க நீதித்துறையே நகரியத்தின் மீது தனியாக வழக்குப் போட்டது. 2016-இல் சமரசம் ஏற்பட்டது. பள்ளி கட்ட அனுமதி, கூடவே 17 லட்சம் டாலர் இழப்பீடு.

இரு நாட்டுச் சட்டங்களும் வேறு என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் இல்லை. ஆனால் அங்கும் இங்கும் கேள்வி ஒன்றுதான்: சொல்லப்படும் கட்டுமானக் காரணம் உண்மையில் நிற்கிறதா, இல்லையா? நிற்கும் இடத்தில் நாம் தோற்கிறோம். நிற்காத இடத்தில் எதிராளியின் பாரபட்சம் அம்பலமாகிறது.

நம் நாட்டில் நமக்குள்ள பிடிமானம் அரசமைப்புச் சட்டத்தின் 30(1)ஆம் பிரிவு. மத, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நடத்தவும் உரிமை பெற்றவர்கள். கூட்டங்களில் இந்தப் பிரிவை நம் பேச்சாளர்கள் கேடயம்போல் தூக்கிக் காட்டுவார்கள். தூக்கிக் காட்டட்டும், அது நம் உரிமைதான். ஆனால் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த உரிமை பொது ஒழுங்குமுறைகளுக்கு மேலானது அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. சுகாதாரம், பாதுகாப்பு, கட்டட விதி ஆகியவை எல்லாருக்கும் எப்படியோ அப்படியே நமக்கும். சிறுபான்மைப் பள்ளி என்பதால் படிக்கட்டின் அகலம் குறையாது.

படிக்கட்டு என்றதும் கும்பகோணத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். கீழே சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. மேல்மாடி வகுப்பறைகளுக்கு ஓலைக் கூரை. இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. 94 பிஞ்சுகள் கருகிப்போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தத் தீர்ப்பு நாளிலும் அழுதார்கள்.

அந்தத் தெரு பகலில் எத்தனையோ பேர் நடந்துபோன தெரு. மாடியில் ஓலைக் கூரை வேய்ந்திருந்ததும், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி இறங்கியதும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த சங்கதிதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் விடாப்பிடியாக மனு எழுதியிருந்தால், அதை ஒருவர் எடுத்து நடவடிக்கை எடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக் கட்டடம் பற்றி ஆட்சேபணை எழுப்பும் அண்டை வீட்டாரை நாம் எரிச்சலோடு பார்க்கும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வர வேண்டும். அவர் மனுவில் பத்து வரி வம்பாக இருக்கலாம். பதினோராவது வரி நம் பிள்ளையின் உயிராக இருக்கலாம்.

கும்பகோணத்துக்குப் பிறகு விதிகள் கடுமையாயின. கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. மெட்ரிக் பள்ளிகளுக்கு 2004-இல் வகுத்த அளவுப்படி கிராம ஊராட்சியில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர், நகராட்சியில் 10 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, மாநகராட்சியில் 6 கிரவுண்டு நிலம் வேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. வீரபாண்டி பேரூராட்சி என்பதால் ஒரு ஏக்கர். எல்லைக் கல்லைத் தாண்டிக் கிராம ஊராட்சிக்குள் போனால் அதுவே மூன்று ஏக்கர். நிலம் வாங்கிப் பத்திரம் முடித்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டுத் தலையில் கைவைக்கிறவர்கள் நம்மில் உண்டு. 2009-இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று சொல்லி, தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பள்ளிகள் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. கட்டட வரைபட அனுமதி, கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய தாள்கள் ஒவ்வொன்றும் அந்த 94 பேரை நினைவில் வைத்துப் படிக்க வேண்டியவை. கோப்பில் செருகி வைப்பதற்கு மட்டும் அல்ல.

நிலத்தின் வகை இன்னொரு பெரிய விஷயம். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருக்கிறது. வீரபாண்டி வயல்கள் இந்த வரிசையில்தான் வருகின்றன. சாலையோர வயலை வாங்கி மண்ணடித்துக் கட்டடம் எழுப்புவது நம் சமுதாயம் மட்டும் செய்வதல்ல. எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் நாம் செய்யும்போது அது சீக்கிரம் கண்ணில் படும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. அவர் வேளாண் துறையைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார். பட்டாவில் நன்செய் என்று இருக்கும்போதே அஸ்திவாரம் தோண்டிவிட்டு, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள்’ என்று சொல்லும் இடைத்தரகரை நம்பியவர்கள் பிறகு நீதிமன்றப் படியேறிச் செலவழித்த பணத்தில் இன்னொரு வகுப்பறை கட்டியிருக்கலாம். பக்கத்து வயல்காரரின் கவலை இதைவிடச் சின்னது, ஆனால் கூர்மையானது. நாம் மண்ணடித்து உயர்த்திய பிறகு அவர் வயலில் தண்ணீர் தேங்கும். மடையைத் திறக்கவும் மூடவும் அவர் நடந்த வரப்பு நம் சுற்றுச்சுவருக்குள் போய்விடும். ஒரு குழாய், ஒரு நடைபாதை, இரண்டு அடி விட்டுக் கட்டிய சுவர் போதும். ஆனால் வரைபடம் போடும் முன் அவரைக் கேட்டால்தான் இது நமக்குத் தெரியவரும்.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் பள்ளி கட்ட விண்ணப்பித்தால் அந்த வரைபடத்தை மன்றம் பொதுப் பார்வைக்கு வைக்கிறது. அக்கம்பக்கத்தார் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்கிறார்கள். நம் மாநிலத்தில் தனிக் கட்டட அனுமதிக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. போர்வெல் வண்டி வந்து நிற்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்குச் செய்தி தெரிகிறது. அதற்குப் பிறகு அவருக்குள்ள வழிகள் எல்லாமே சண்டை வழிகள்: திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் மனு, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி பணியை நிறுத்தக் கோருவது, மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அமைதியாகக் கேட்க அவருக்குச் சட்டம் ஓர் இடம் தரவில்லை. அந்த இடத்தை நாம் தர முடியும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு நான்கு வீடுகளுக்குப் போய், விரித்துக் காட்டி, ‘அண்ணே, இங்கே வாசல், இங்கே வேன் நிறுத்தும் இடம், இங்கே கழிவுநீர்த் தொட்டி, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கேட்டால் நாம் எதிர்பாராத பதில்கள் வரும். மூலையில் பெட்டிக்கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி வந்தால் மிட்டாய், பேனா வியாபாரம் கூடும் என்று அவர் மகிழ்வார் என நினைப்போம். ஆனால் 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், பீடி விற்கக்கூடாது. அவருடைய பாதி வருமானம் அதில்தான் என்றால் பள்ளி அவர் வயிற்றில் அடிக்கிறது. பீடி விற்பது நல்லதா என்பது வேறு விஷயம். அவர் ஏன் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார் என்பது இப்போது புரியும். அவரை இஸ்லாமிய வெறுப்பாளர் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், பள்ளிக்குள் எழுதுபொருள் கடை நடத்தும் குத்தகையை அவருக்கே கொடுக்க முடியுமா என்று யோசிக்கலாம்.

திருவிழாக் குழுவினருக்கு ஒலிபெருக்கி பற்றிய பயம் இருக்கும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ‘இன்று பள்ளி, நாளை எங்கள் முளைப்பாரிக்கு மைக் வைக்கக்கூடாது என்று வழக்குப் போடுவார்கள்’ என்று ஒருவர் கிளப்பினால் போதும், ஊரே திரும்பிவிடும். சித்திரைத் திருவிழா கோடை விடுமுறையை ஒட்டி வருவது. அந்த நாட்களில் பள்ளி வளாகத்தைப் பக்தர்களின் வாகனங்கள் நிறுத்தத் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. டாஸ்மாக் விஷயத்தில் தாய்மார்கள் நம் பக்கம் வருவார்கள். பேரூராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடை திறக்கக்கூடாது என்பது விதி. ஏற்கெனவே அங்கே இருக்கும் கடைக்குப் பின்னால் வந்த பள்ளி இந்த விதியைக் கேட்க முடியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. நிலம் பார்க்கும்போதே அதைப் பார்க்க வேண்டும்.

இனி அந்த முணுமுணுப்புக்கு வருவோம். ‘பள்ளி என்று சொல்லிப் பள்ளிவாசல் கட்டுகிறார்கள்.’ தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் பாதி இருப்பது நமக்கு வேடிக்கை, கேட்பவருக்குச் சந்தேகம். சட்டத்தில் இவை இரண்டும் தெளிவாக வேறு. பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்று ஊராட்சிகளுக்கான 1997-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கு அந்த விதி இல்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் லுஹர் தொழ ஓர் அறை வைத்துக்கொள்வதில் யாருக்கும் பிரச்சினை வர நியாயமில்லை. வெளியார் ஜும்ஆவுக்கு வரும் இடமாக அதை நினைத்திருந்தால் அதை வரைபடத்தில் மறைக்கக்கூடாது. தனி விண்ணப்பமாகப் போட வேண்டும். ‘முதலில் பள்ளி என்று வாங்கிவிடுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்’ என்று நம்மில் ஒருவர் எங்கோ ஓர் ஊரில் செய்தது, பத்து ஊர்களில் நேர்மையாகக் கட்டுகிறவர்கள் மீதும் சந்தேகத்தை விதைக்கிறது. இதை நாம்தான் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அடுத்து இடம். வகுப்பறையில் இடம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். 2014-இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. நமக்கு அது சலுகை. எதிர்வீட்டுக் கூலித் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்? காலையும் மாலையும் அவர் வாசலில் நாற்பது வேன் வந்து நிற்கும், தூசி பறக்கும், ஆனால் அவர் மகளுக்கு உள்ளே இடமில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்தத் தெருவின் பிள்ளைகளுக்குச் சில இடங்களைக் கட்டணமில்லாமல் தருவதாக அறக்கட்டளை தானாக எழுதிக் கொடுக்கலாம். இது நம் பள்ளத்தாக்குக்குப் புதிது அல்ல. உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் எத்தனை சமூகத்துப் பிள்ளைகள் படித்து வெளியே வந்தார்கள் என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை ‘அவர்கள் கல்லூரி’ என்று சொல்வோரைக் காண்பது அரிது. ‘நம்ம ஹவுதியா’ என்றுதான் சொல்கிறார்கள்.

மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க உமர் (ரலி) அவர்கள் முனைந்தபோது நடந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்துவைத்திருக்கிறார்கள். பள்ளியை ஒட்டி அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. விற்றுவிடுங்கள், அல்லது வேறு வீடு தருகிறோம், அல்லது தானமாகக் கொடுங்கள் என்று கலீஃபா கேட்டார். அப்பாஸ் (ரலி) மூன்றுக்கும் மறுத்தார். கட்ட நினைத்தது அல்லாஹ்வின் தூதருடைய பள்ளிவாசல், கேட்டவர் முஸ்லிம்களின் தலைவர், மறுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். விவகாரம் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குப் போனது. அவர் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பளித்தார். உமர் (ரலி) அதை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகே அப்பாஸ் (ரலி) தம் வீட்டை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். ஆட்சி அதிகாரம் கையில் இருந்தபோது நம் முன்னோர் கட்டடத்துக்காகப் பக்கத்து வீட்டை இப்படி நடத்தினார்கள் என்றால், பேரூராட்சியில் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் நமக்கு என்ன தயக்கம்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா நேரமும் நாம்தான் கட்டுகிறவர்கள் என்றில்லை. நம் முஹல்லாவின் சந்துக்குள் வேறொருவர் பள்ளி கட்டுகிறார், அல்லது ஒரு திருமண மண்டபம், அல்லது ஒரு கோயிலின் கல்யாணக் கூடம். அப்போது நாம் எழுதும் மனுவில் என்ன இருக்கிறது? போக்குவரத்தும் தண்ணீரும் உண்மையான கவலை என்றால் எழுதுவோம். உள்ளே வேறொன்றை வைத்துக்கொண்டு போக்குவரத்து என்று எழுதினால், கேம்டன்காரர்கள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். நம் ஜமாஅத்துகளில் இப்படிப்பட்ட கையெழுத்து வேட்டை நடந்ததே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இத்தனையும் செய்த பிறகும் எதிர்ப்பு நின்றால்? நிற்கும், சில ஊர்களில். வரைபடத்தைக் காட்டியும், வாய்க்காலை விட்டும், இடம் ஒதுக்கியும், ‘உங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்’ என்று சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அப்போது பின்வாங்கத் தேவையில்லை. பிட்ஸ்ஃபீல்டு பள்ளி நிர்வாகம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது, நிலத்தை விற்றுவிட்டு ஓடவில்லை. நாமும் நீதிமன்றம் போகலாம். ஆனால் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டும். நான்கு வீடுகளுக்குப் போன தேதி, அவர்கள் சொன்ன ஆட்சேபணை, அதற்கேற்ப மாற்றிய வரைபடம், மாற்ற முடியாததற்கு எழுதிக் கொடுத்த காரணம், பேரூராட்சிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். இந்தக் கோப்பு இருந்தால் மதுரைக் கிளையில் நம் வழக்கறிஞர் 30(1)ஆம் பிரிவைச் சொல்லும்போது நீதிபதி கவனித்துக் கேட்பார். கோப்பு இல்லாமல் வெறும் உரிமை முழக்கத்தோடு போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேன் நிறுத்தும் இடத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியிலேயே நாம் திணறுவோம்.

சமூக ஊடகங்களில் இதைப் பற்றி எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் படங்களையும் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அந்தப் பட்டியலில் பத்துப் பேர் நம் கடையில் சாமான் வாங்குகிறவர்கள், நம் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள், நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வருகிறவர்கள். பாதிப் பேர் என்ன மனு என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பள்ளி கட்டி முடிந்த பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

அறக்கட்டளை நிர்வாகிகளிடமும் நன்கொடை தரும் வெளிநாட்டுச் சகோதரர்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். நன்கொடை அறிவிப்பில் மூன்று மாடிக் கட்டடத்தின் வண்ணப் படத்தை அச்சிடுகிறீர்கள். அதற்கு முன் ஒரு வாரம், பள்ளி திறந்திருக்கும் மாதம் ஒன்றில், அந்த நிலத்தின் முன் காலை எட்டிலிருந்து ஒன்பது வரையும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரையும் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். எத்தனை வேன், எத்தனை லாரி, எத்தனை மாடு, எத்தனை சைக்கிள் என்று எண்ணி எழுதுங்கள். பெருமழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர் பிடிக்க எந்த வழியாகப் போகிறார் என்று பாருங்கள். மூன்றாம் நாளே யாராவது வந்து, ‘என்ன பாய், இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பார். அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.